நோட்டில் லாபம் ₹1,92,000: வேலையை விட்டுப் போக்கர் ஆடப் போகலாமா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரையும் அதன் செலவுக் கணக்கையும் பார்ப்பவர். வயது 28. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் ₹38,000, பேங்கில் சேமிப்பு ₹3,00,000. ஓராண்டில் ஆறு முறை கோவா போய் 100/200 பிளைண்ட் மேசையில் நோ-லிமிட் ஹோல்டம் ஆடியிருக்கிறார். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை அது: ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பணம்தான் பிளைண்ட்; இந்த மேசையில் சிறியது ₹100, பெரியது ₹200. ஆட்டக் கணக்கு எழுதும் நோட்டில் ₹1,92,000 லாபம் நிற்கிறது. இனி இதுதான் தொழில் என்கிறார். "இருக்கற வேலைய உட்டுப்போட்டு இதையா கண்ணு பண்ணப்போறே?" என்று அம்மா கேட்டால், நோட்டை எடுத்து நீட்டுகிறார்.

இவர் தனியொரு ஆள் அல்ல. புதிதாக இதைத் தொழிலாக எடுப்பவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கையும் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும் ஒரே நோட்டில் சேர்த்து அமைத்த மாதிரி இது. ஆட்டத் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. சட்டமும் வரி விகிதமும் உள்ளபடியே சொல்லப்பட்டவை.

ஏன் கோவா வரை போக வேண்டும்

காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதமே பார்க்காமல், மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று அட்டவணையில் சேர்த்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது உண்மை. மத்தியச் சட்டம் வந்த பிறகு அந்த வாதத்தால் ஆன்லைன் ஆட்டக்காரருக்குப் பயன் இல்லை.

ஊரில் நண்பர் வீட்டு மாடியில் ஆடினால் என்ன? சிக்கல் சீட்டில் இல்லை, வீட்டுக்காரர் எடுக்கும் பங்கில் இருக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர் எல்லாமே 1930-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் ஊர்கள். இடத்தையோ சீட்டுக் கட்டையோ கொடுத்து அதில் ஆதாயம் பார்க்கும் வீட்டைத்தான் சூதாட்ட விடுதி என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சத்யநாராயணா வழக்கில் சொன்னது. ஆனால் நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. போக்கர் மேசையில் ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பந்தயப் பணம்தான் பாட்; அதிலிருந்து இடம் நடத்துபவர் எடுக்கும் ரேக் என்ற பங்கு அந்த லாபமேதான். விடுதி நடத்துபவர் மட்டுமல்ல, அங்கே உட்கார்ந்திருப்பவரும் அந்தச் சட்டத்தில் மாட்டுவார். மாதம் 15 நாள் அப்படி ஒரு மாடியில் உட்காருவதைத் தொழில் என்று சொல்ல முடியாது.

அதனால் பாலக்காடு, ஷொரணூர், மங்களூர் வழியாகக் கோவாவின் மட்காவுக்கு ரயில். ஐந்து நட்சத்திர ஓட்டல்களிலும் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களிலும் கோவா அரசின் உரிமத்தோடு கேசினோ நடக்கிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

நோட்டைப் பிரித்தால்

ஆறு பயணம், ஒவ்வொன்றிலும் நான்கு செஷன் (ஒரு தடவை உட்கார்ந்து எழுவது), மொத்தம் 24 செஷன், 120 மணி நேரம். ₹1,92,000-ஐ 120-ஆல் வகுத்தால் மணிக்கு ₹1,600, அதாவது எட்டு பெரிய பிளைண்ட் (கணக்கில் இனி ஒரு பிளைண்ட் என்றால் ₹200). வேலையை விடச் சொல்வது இந்த ஓர் எண்தான். இந்த எண் மூன்று இடத்தில் உடைகிறது.

முதல் உடைசல்: நான்காவது பயணத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, பக்கத்தில் நடந்த 200/400 மேசைக்கு மாறி ஆறு மணி நேரத்தில் ₹1,40,000 ஜெயித்திருக்கிறார். அது வேறு மேசை, வேறு பணம். தனியாக எடுத்து வைத்துவிட்டால் மீதி 114 மணி நேரத்தில் ₹52,000. மணிக்கு ₹456, இரண்டேகால் பிளைண்ட்.

இரண்டாவது: ரயில், அறை, சாப்பாடு, படகுத்துறைக்குப் போகும் வண்டி எதுவும் நோட்டில் இல்லை. சிக்கனமாகப் போனாலும் பயணம் ஒன்றுக்கு ₹9,000, ஆறுக்கு ₹54,000. 100/200 மேசையின் லாபம் முழுவதும் அதில் போய், மேலே ₹2,000 கைக்காசும் போயிருக்கிறது. நூல் விலை, சாயக் கூலி, காஜா பட்டன் கூலி வரை பைசா சுத்தமாகக் காஸ்டிங் போடத் தெரிந்த மெர்ச்சண்டைசர் இதை விட்டிருக்கிறார் என்பது வருத்தமான விஷயம். கம்பெனியில் இப்படி ஒரு ஷீட் வந்தால் அவரே திருப்பி அனுப்பியிருப்பார்.

மூன்றாவது நேரக் கணக்கு. ஜெயித்த 13 செஷனும் சேர்ந்து 52 மணி நேரம், தோற்ற 11 செஷனும் சேர்ந்து 68 மணி நேரம். ஜெயித்தால் சராசரி நான்கு மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார். தோற்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். ஜெயிக்கும் நாள் பெரும்பாலும் எதிராளிகள் மோசமாக ஆடும் நாளாகவும் இருக்கும். அந்த மேசையை விட்டு ஓடி வருகிறார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று, தூக்கமில்லாத கண்ணோடு, தனக்கு மேலான ஆட்டக்காரர்கள் மீந்திருக்கும் மேசையில் விடியும் வரை இருக்கிறார். எழுந்திருக்கும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதும், தன் தலை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதும்தான். அன்றைய லாப நட்டத்துக்கு அதில் இடமே இல்லை.

120 மணி நேரம் எதைச் சொல்லும்

இந்த வகை மேசையில் ஒரு மணி நேர முடிவு சராசரியிலிருந்து மேலும் கீழும் சுமார் 60 பிளைண்ட் விலகும் என்று வைத்துக்கொள்வோம். இது அதிகப்படியான ஊகம் அல்ல. 114 மணி நேரத்துக்குப் பிறகு சராசரியில் இருக்கும் பிழை 60-ஐ 114-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 5.6 பிளைண்ட். அவருடைய உண்மையான திறன் மணிக்கு ஒன்பது பிளைண்ட் நட்டத்திலிருந்து பதின்மூன்று பிளைண்ட் லாபம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பிழையை இரண்டு பிளைண்டாகக் குறைக்க 900 மணி நேரம் வேண்டும். லைவ் மேசையில் மணிக்கு 25 முதல் 30 கைதான் (சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்று) வரும். பயணத்துக்கு 20 மணி நேரம் என்றால் 45 பயணம்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் ஒரு மாத முட்டை விலையை வைத்துப் பண்ணையின் தரத்தைச் சொல்ல மாட்டார். தீவனம், முட்டையிடும் சதவீதம், சாவு எண்ணிக்கை என்று தன் கையில் இருப்பவற்றைப் பார்ப்பார். போக்கரிலும் லாபத் தொகையை நம்ப முடியாத இந்த ஆரம்பக் காலத்தில், ஆடிய கைகளைத்தான் ஒவ்வொன்றாக எடை போட வேண்டும்.

ஒரு கை, முழுதாக

நம் ஆளிடமும், கடைசி வரை எதிரே நிற்கப் போகும் ஒரு பெரியவரிடமும் கையிருப்பு ஆளுக்கு ₹40,000. மூன்று பேர் ₹200 போட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். நம் ஆள் பட்டனில், அதாவது பிறகு வரும் சுற்றுகளில் கடைசியாகப் பேசும் இடத்தில்; கையில் ஸ்பேடு ஏஸ், டைமண்ட் குயின். ₹800-க்கு உயர்த்துகிறார். பெரிய பிளைண்ட் போட்டவரும் அந்த மூவரும் கூடவே வருகிறார்கள். பாட் ₹4,100, ஆட்டத்தில் ஐந்து பேர்.

முதல் தவறு இங்கேயே நடந்துவிட்டது. ஏற்கெனவே ₹200 போட்டவர் ₹600-க்காகச் சீட்டைக் கீழே போடுவதில்லை. இந்த மேசைகளில் நான்கு பிளைண்ட், அதோடு ஏற்கெனவே உள்ளே வந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளைண்ட் சேர்த்து ₹1,400 என்பது குறைந்தபட்சம். எல்லோரும் கூப்பிடும் (அதே தொகையைப் போட்டுத் தொடரும்) மேசையானால் ₹1,800 வரை போகலாம். ஏஸ்-குயின் ஒருவர் இருவருக்கு எதிராக நல்ல கை. நான்கு பேருக்கு எதிராக அது ஒரு ஜோடிக்கு மேல் நகராத சங்கடமான கை.

ஃபிளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு): ஆர்ட்டின் குயின், ஆர்ட்டின் 9, கிளாவர் 5. ₹2,500 வைக்கிறார், இருவர் வருகிறார்கள், பாட் ₹11,600. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) ஸ்பேடு 2. ₹7,000 வைக்கிறார், பெரிய பிளைண்ட் போட்டவர் சீட்டைக் கீழே போட்டுவிடுகிறார், முதலில் ₹200 போட்டு உள்ளே வந்தவர்களில் அந்தப் பெரியவர் மட்டும் கூப்பிடுகிறார். பாட் ₹25,600. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆர்ட்டினுக்குக் காத்திருப்பவரிடமும் குயினோடு சின்னச் சீட்டு வைத்திருப்பவரிடமும் நல்ல காசு வாங்கியாயிற்று.

ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) ஆர்ட்டின் ஜாக்கி. மூன்று மணி நேரமாகச் செக் (பந்தயம் வைக்காமல் விடுவது), கால் (கூப்பிடுவது) தவிர வேறொன்றும் சொல்லாத அந்தப் பெரியவர், தானாக ₹18,000 தள்ளுகிறார். நம் ஆள் இரண்டு நிமிடம் யோசித்து, "பிளஃபா இருக்கும்", அதாவது கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுகிறார் என்று கூப்பிடுகிறார். எதிரே ஆர்ட்டின் 10, ஆர்ட்டின் 8. ஃபிளஷ் (ஐந்து சீட்டும் ஒரே இனம்) மட்டுமல்ல, 8-இலிருந்து குயின் வரை ஐந்தும் ஆர்ட்டின், ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்.

கணக்கு இது. ₹43,600 ஜெயிக்க ₹18,000 போடுகிறார். நூற்றுக்கு 29 தடவை ஜெயித்தால்தான் முதலுக்கு மோசமில்லை. இப்படிப்பட்டவர் பயமுறுத்தும் சீட்டு விழுந்ததும் தானாகப் பெரிய தொகை வைத்தால், பத்தில் ஒரு தடவை நம் கை ஜெயித்தாலே அதிகம். பத்தில் ஒன்று என்று வைத்தால் ஒரு காலின் மதிப்பு ₹4,360-இல் ₹16,200 போக ₹11,840 நட்டம், 59 பிளைண்ட். மணிக்கு நான்கு பிளைண்ட் சம்பாதிப்பவருக்கு அது பதினைந்து மணி நேர உழைப்பு, கிட்டத்தட்ட ஒரு பயணத்தின் முக்கால் பங்கு. எதிரே ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் இருந்ததைத் துரதிர்ஷ்டம் என்று நோட்டில் எழுதியிருக்கிறார். 10-8 இல்லாமல் ஏதோ இரண்டு ஆர்ட்டின் இருந்திருந்தாலும் அதே ₹18,000 போயிருக்கும். பார்க்க வேண்டியது பெரியவரின் மூன்று மணி நேரத்தை.

இந்தத் தவறு படித்தவர்களுக்கே அதிகம் வருகிறது. சமநிலைக் கணக்கைச் சொல்லித் தரும் சால்வர் (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) பாடங்களில் எதிராளி சரியான அளவுக்குப் பிளஃப் செய்வார். அதைப் படித்துவிட்டு 100/200 மேசைக்கு வருபவர், அங்கே இல்லாத பிளஃபைத் தேடிக் காசு கட்டுகிறார்.

மற்ற கைகள்

அதே பாடத்தின் மறுபக்கம்: கூப்பிடுவதற்கென்றே வந்திருப்பவரிடம் பிளஃப். ₹16,000 பாட்டில் ₹12,000 வைத்தால் நூற்றுக்கு 43 தடவை அவர் சீட்டைப் போட வேண்டும். பத்தில் ஏழு தடவை கூப்பிடுபவரிடம் ஒவ்வொரு முறையும் சராசரி ₹3,600 நட்டம். நோட்டில் இப்படி நான்கு கை இருக்கிறது.

சின்ன ஜோடியில் இன்னொரு ஓட்டை. 5-5 வைத்துக்கொண்டு ₹1,600 உயர்த்தலைக் கூப்பிடுகிறார். ஃபிளாப்பில் மூன்றாவது 5 விழுவது எட்டரைக்கு ஒரு தடவை. விழுந்த தடவையெல்லாம் முழுக் காசும் வந்துவிடாது என்பதால், எதிராளியிடம் கூப்பிடும் தொகையைப் போல் 15 முதல் 20 மடங்கு இருப்பு வேண்டும். அன்று உயர்த்தியவரிடம் மீதி இருந்தது ₹12,000, ஏழரை மடங்கு. சீட்டைப் பார்த்தாரே தவிர எதிராளியின் சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) அடுக்கைப் பார்க்கவில்லை.

நோட்டில் தெரியாத நட்டம்தான் பெரியது: ரிவரில் வைக்காமல் விட்ட பந்தயம். ₹14,000 பாட், டாப் ஜோடியோடு (மேசையின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) நல்ல கிக்கர் (துணைச் சீட்டு), எதிராளி செக். பயந்து தானும் செக் சொல்லி ஜெயித்துவிடுகிறார். நோட்டில் வெற்றி என்று ஏறுகிறது. ₹8,000 வைத்திருந்தால் பத்தில் ஆறு தடவை கூப்பிடுவார், கூப்பிட்டதில் நூற்றுக்கு 65 தடவை நம் கை மேல் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் ₹1,440 கூடுதல், ஏழு பிளைண்ட். சின்ன மேசையில் தொழில்காரர் உண்மையில் பிழைப்பது இந்த ₹1,440-களில்தான். மயிர்க்கூச்செறியும் பிளஃபில் அல்ல.

மேசை ஒழுங்கு தெரியாமலும் காசு போயிருக்கிறது. ₹200-க்கு மேல் உயர்த்த நினைத்து வாயால் ஒன்றும் சொல்லாமல் ₹1,000 சிப் ஒன்றைத் தூக்கிப் போட்டால் அது வெறும் கால்தான். "ரெய்ஸ், ஆயிரம்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சிப்பை இரண்டு தவணையாகத் தள்ளினால் முதல் தவணை மட்டுமே செல்லும். சீட்டின் மேல் ஒரு சிப் வைத்துக் காப்பது தன் பொறுப்பு. டீலர் கவனக்குறைவாக வாரிக்கொண்டால் திரும்பக் கிடைப்பது அரிது.

ரேக், டிப்ஸ், ஜிஎஸ்டி

சராசரி பாட் ₹4,000, ரேக் 5 சதவீதம் என்றால் கைக்கு ₹200. மணிக்கு 28 கை, மேசைக்கு ₹5,600. ஒன்பது பேருக்குப் பங்கிட்டால் ஒரு நாற்காலிக்கு ₹622, மூன்று பிளைண்டுக்கு மேல். டீலர் டிப்ஸ் மணிக்கு ₹100. இரண்டேகால் பிளைண்ட் நிகர லாபம் காட்ட, மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட ஆறு பிளைண்ட் நன்றாக ஆட வேண்டியிருக்கிறது. ரேக்குக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று உட்காரும் முன் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

அதைவிட முக்கியமான கேள்வி கவுன்டரில் கேட்க வேண்டியது: ₹20,000 கட்டினால் எத்தனை ரூபாய்க்குச் சிப் வரும்? கேசினோவில் சிப் வாங்கும் தொகை மீது 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீதம் ஜிஎஸ்டி; 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். முழு வரியும் ஆடுபவர் தலையில் விழுந்தால் ₹20,000-க்கு ₹14,286 சிப்தான் வரும். முதல் கை போடும் முன்பே 28 பிளைண்ட் போய்விட்டது. அதைத் திறமையால் மீட்க இந்த மேசையில் வழியில்லை. இந்த நோட்டின் கணக்கு, வரியை இடம் நடத்துபவரே ஏற்றுக்கொண்டார் என்ற அனுமானத்தில் போட்டது. அப்படி இல்லாத இடத்தில் உட்காரவே வேண்டாம்.

வருமான வரி வைத்துப் பார்த்தால்

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவில் சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31.2. 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவின் எண் மாறுகிறது, விகிதம் அதேதான். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. ரயில், அறை, சாப்பாடு எதையும் செலவாகக் கழிக்க முடியாது.

அவர் போட்ட திட்டம்: மாதம் 15 நாள் கோவாவில், நாளைக்கு எட்டு மணி நேரம், மொத்தம் 120. வீட்டுக்கு ₹20,000, கோவாச் செலவு ₹25,000. மணிக்கு ஐந்து பிளைண்ட், அதாவது ₹1,000 சம்பாதிக்கிறார் என்று தாராளமாகவே வைப்போம். மாதம் ₹1,20,000. தோற்ற நாட்களைக் கழித்த நிகரத்துக்கு மட்டும் வரி என்றால் ₹37,440 போகும்; செலவும் போக ₹37,560 மிஞ்சும். தோற்ற நாளைக் கழிக்க அனுமதியில்லை, ஜெயித்த ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி வரி என்று எடுத்தால் கதை வேறு. மணிக்கு 60 பிளைண்ட் விலகும் ஆட்டத்தில், ஜெயித்த நாட்களின் தொகை மட்டும் மாதம் சுமார் ₹2,70,000 வரும். அதற்கு வரி ₹84,000. மீதி ₹36,000, செலவோ ₹45,000. நன்றாக ஆடி ஜெயித்தும் மாதம் ₹9,000 கடன். இதில் எது தன் கணக்கு என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்காமல் ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது.

இன்னும் ஒன்று. சேமிப்பு ₹3,00,000 என்பது 1,500 பிளைண்ட். வேலையில் இருந்துகொண்டே, இதிலிருந்து ஒரு பைசா எடுக்காமல், மணிக்கு ஐந்து பிளைண்ட் திறனோடு ஆடினால் முதல் முழுதும் அழிய வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை. அதே ஆள், அதே மேசை. வரியும் வீட்டுச் செலவும் கோவாச் செலவும் இதிலிருந்தே போனால் வளர்ச்சி மணிக்கு ஒன்றரைப் பிளைண்டாகச் சுருங்கி, அழிய வாய்ப்பு நூற்றுக்கு 27. இது நிகரத்துக்கு மட்டும் வரி என்ற நல்ல கணக்கிலேயே. அதை ஐந்துக்குக் குறைக்க ஏறத்தாழ ₹6,90,000 கைமுதல் வேண்டும். ஈரோட்டுப் பக்கம் விதை மஞ்சளை எடுத்துச் சந்தையில் விற்கும் விவசாயி இல்லை. வைகாசியில் நடுவதற்கு வேண்டும் என்று தெரியும். கைமுதலிலிருந்து வீட்டு வாடகை கட்டுபவர் விதை மஞ்சளைத்தான் விற்கிறார்.

திருத்திய திட்டம்

வேலை தொடர்கிறது. ₹3,00,000-இல் ₹1,00,000 தனிக் கணக்கில் வீட்டுக்கு, அதைத் தொடுவதில்லை. மீதி ₹2,00,000 ஆட்டத்துக்கு. ஒரு செஷனுக்கு அதிகபட்சம் இரண்டு முறை ₹20,000. 200/400 மேசைப் பக்கம் போவதில்லை. நோட்டில் இனி தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், வாங்கிய சிப், மாற்றிய சிப், டிப்ஸ், பயணச் செலவு, முந்தைய இரவு தூங்கிய நேரம். கூடவே அன்று ஆடிய மூன்று பெரிய கைகள், எதிராளி அதுவரை எப்படி ஆடினார் என்பதோடு. கையை அன்றே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் பாட் தொகை மாறிவிடும், எதிராளி முட்டாளாகிவிடுவார்.

ஊர் திரும்பிய வாரத்தில் அந்தக் கைகளை ரிவர் கால், பிளஃப், விட்ட பந்தயம், உயர்த்திய அளவு என்று பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை பிளைண்ட் என்று கூட்ட வேண்டும். ரிவர் கால் நட்டம் மூன்று பயணத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால், லாபம் என்ன காட்டினாலும் பயணம் நிற்கும்.

ஆட்டக் கைமுதல் ₹1,20,000-க்கு இறங்கினாலும் நிற்கும். தனிக் கணக்கின் ஒரு லட்சத்தில் கை வைக்கத் தோன்றினாலோ, நண்பரிடம் கடன் கேட்டாலோ, எத்தனை தோற்றது என்பதை வீட்டில் குறைத்துச் சொன்னாலோ, அதற்குப் பிறகு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அன்றே நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவரிடம் முழுத் தொகையைச் சொல்லிவிட்டு, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேச வேண்டும். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.